அரங்கத்தின் கதவும் வகுப்பறையின் பலகையும்

பிள்ளைகளை நாடகத்துக்கு அழைத்துச் செல்வது கல்வியா, கேளிக்கையா என்ற வாதம் ஆசிரியர் அறைகளில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. பாடம் கெடும் என்பார் ஒருவர். பண்பாடு வளரும் என்பார் மற்றொருவர். ஒரு நாளாவது பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போகட்டுமே என்பார் மூன்றாமவர். மூவரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அரங்கத்துக்குள் நுழையும் சிறுவன் அங்கே யாராக நடத்தப்படுகிறான்? இரக்கப்பட்டு அழைக்கப்பட்ட விருந்தாளியாகவா? நாளைக்கு நுழைவுச்சீட்டு வாங்கப்போகும் வாடிக்கைக்காரனாகவா? அன்றி, கண்டதைக் கேள்வி கேட்கவும் கேட்டதை எடைபோடவும் உரிமை படைத்த மனிதனாகவா? அரங்கமும் பள்ளியும் கைகோக்கும் எந்தத் திட்டத்தையும் இந்த ஒரு கேள்வியைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது நம் எண்ணம். உலகில் பெயர் பெற்ற இரண்டு முயற்சிகளை அந்தத் தராசில் நிறுத்திப் பார்ப்போம். ஒன்று அமெரிக்காவின் நியூயார்க் நகரினது. மற்றொன்று இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரினது.

முதலில் நியூயார்க். அந்நகரின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை இயக்கிய லெனார்டு பெர்ன்ஸ்டைன், இளையோருக்கான இசை நிகழ்ச்சிகளை 1958இல் தம் பொறுப்பில் ஏற்றார். 1972 வரை 53 நிகழ்ச்சிகள் நடந்தன. தொலைக்காட்சி வழியே நாடெங்கும் அவை பரவின. இசைக்குப் பொருள் உண்டா என்பது போன்ற கேள்விகளை எடுத்துக்கொண்டு, பியானோவில் வாசித்துக் காட்டி, குழுவை நிறுத்தி, மீண்டும் இசைக்கச் செய்து, எளிய சொல்லில் அவர் விளக்கினார். மேல்தட்டினரின் மாளிகைச் சரக்கு என்று கருதப்பட்ட ஒரு கலையை, புரிந்துகொள்ளக்கூடியது, பிரித்துப் பார்க்கக்கூடியது, ஆராயக்கூடியது என்று பிள்ளைகளிடம் சொன்ன அந்தத் துணிவை நாம் போற்றுகிறோம். கலை தெய்வ அருள், அதைக் கேட்டுக் கண்ணீர் வடிப்பதே கடமை என்ற மயக்கத்தை அவர் வளர்க்கவில்லை. ஆயினும் அங்கே பேசியவர் ஒருவர், கேட்டவர் ஆயிரவர். கேள்வியும் மேடையிலிருந்தே வந்தது; விடையும் மேடையிலிருந்தே வந்தது. பிள்ளையின் பங்கு கவனித்துக் கேட்பதோடு முடிந்தது. நல்ல சொற்பொழிவுக்கு உரிய சிறப்பும் அதற்கு உண்டு. சொற்பொழிவுக்கு உள்ள எல்லையும் அதற்கு உண்டு.

1962இல் அந்த இசைக்குழு லிங்கன் மையம் என்னும் புதிய கலை வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்த வளாகம் எழுந்த மண்ணின் கதையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். சான் உவான் ஹில் என்று பெயர் கொண்ட அப்பகுதியில் கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் பெருமளவில் வாழ்ந்தார்கள். சேரி ஒழிப்பு என்ற பெயரால் 1950களில் அப்பகுதி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 7,000 குடும்பங்கள் பெயர்த்தெறியப்பட்டன. 1959இல் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் வந்து மண்வெட்டி பிடித்துத் தொடக்க விழா நடத்தினார். ஏழையின் அடுப்பை அணைத்த இடத்தில் கலையின் விளக்கு ஏற்றப்பட்டது! பின்னர் அதே வளாகம் பள்ளிகளைப் பார்த்து, "வாருங்கள், எங்கள் கதவு திறந்திருக்கிறது" என்று அழைக்கும்போது, அந்த அழைப்பில் பரிவு எவ்வளவு, பரிகாரம் எவ்வளவு என்று கேட்பது குற்றமாகாது.

எனினும் அங்கே 1975இல் தொடங்கப்பட்ட கலைக்கல்வி நிறுவனத்தை நாம் ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. மாக்சின் கிரீன் என்னும் பெண் மெய்யியலாளர் அதன் சிந்தனைக்கு முதுகெலும்பாக நின்றார். அவர் வகுத்த முறை, பேருந்தில் ஏற்றிக் கொண்டுவந்து, இருட்டில் உட்காரவைத்து, திருப்பி அனுப்பும் முறைக்கு நேர் எதிரானது. கோடை விடுமுறையில் முதலில் ஆசிரியர்களே மாணவராக அமர்ந்து ஒரு நாடகத்தையோ நடனத்தையோ இசையையோ துருவிப் பார்த்தார்கள். பிறகு கலைஞர் வகுப்பறைக்கு வந்தார். ஆசிரியரோடு சேர்ந்து பாடம் வகுத்தார். நிகழ்ச்சியைக் காண்பதற்கு முன்னும் வேலை உண்டு. கண்ட பின்னும் வேலை உண்டு. பழக்கத்தால் மரத்துப்போன கண் விழித்துக்கொள்ள வேண்டும், இருப்பது வேறுவிதமாகவும் இருக்கலாம் என்று எண்ண வேண்டும் என்பதே கிரீன் அம்மையாரின் கொள்கை. "இது இப்படித்தான், என்றும் இப்படித்தான்" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்த நமக்கு இக்கொள்கையின் அருமை விளங்கும்.

இனிக் கவென்ட்ரி. 1940 நவம்பர் 14ஆம் நாள் இரவு செருமானிய விமானங்கள் குண்டு மழை பொழிந்து அந்தத் தொழில் நகரைத் தரைமட்டமாக்கின. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாம்பலிலிருந்து நகரை எழுப்பிய மன்றத்தார், வீடும் கடையும் சாலையும் கட்டியதோடு நிற்கவில்லை. மக்கள் வரிப்பணத்தில் ஒரு நாடக அரங்கத்தையும் கட்டினார்கள். யூகோசுலாவியாவின் பெல்கிரேடு நகரம் அன்பளிப்பாக மரம் அனுப்பியது. அதன் நினைவாக அரங்கத்துக்குப் பெல்கிரேடு அரங்கம் என்றே பெயரிட்டார்கள். 1958இல் அது திறக்கப்பட்டது. தொழிலாளர் குடும்பத்தின் வாழ்வை மேடையேற்றிய ஆர்னால்டு வெஸ்கரின் நாடகங்கள் முதன்முதல் அரங்கேறியதும் அங்கேதான்.

அந்த அரங்கத்திலிருந்து 1965இல் ஒரு சிறு குழு புறப்பட்டது. கார்டன் வாலின்ஸ் முன்னின்று வகுத்த திட்டம் அது. பணம் கொடுத்தது நகர மன்றம். பள்ளிகள் ஒரு காசும் தர வேண்டியதில்லை. பள்ளி அரங்கத்தைத் தேடிப் போவதற்கு மாறாக, அரங்கம் பள்ளியைத் தேடிப் போனது. குழுவினர் நடிகர் பாதி, ஆசிரியர் பாதி. நடிக ஆசிரியர் என்றே அவர்களை அழைத்தார்கள். ஆயிரம் பேர் கூடிய அவையை அவர்கள் விரும்பவில்லை. ஒரு வகுப்பு அல்லது இரண்டு வகுப்புப் பிள்ளைகளே போதும் என்றார்கள். ஏனெனில் பிள்ளைகளுக்கும் அங்கே வேலை இருந்தது. கதையின் நடுவே அவர்கள் பேச வேண்டும், வாதாட வேண்டும், முடிவெடுக்க வேண்டும். கல்வி அரங்கு என்று இன்று உலகம் சொல்லும் இயக்கத்தின் பிறப்பு இதுவே. போல்டன், லீட்ஸ், எடின்பரோ, நாட்டிங்காம் என ஊர் ஊராக அம்முறை பரவியது.

1970களின் தொடக்கத்தில் அக்குழு ஆறேழு வயதுக் குழந்தைகளுக்காக உருவாக்கிய நிகழ்ச்சி ஒன்றைப் பார்ப்போம். மாட்டுக்காரன் ஒருவன் தன்னிடம் அகப்பட்ட அமெரிக்கப் பழங்குடி மனிதனைக் கூண்டில் வைத்துக் காட்டுகிறான். இவன் கொடியவன், அருகே போகாதீர்கள் என்கிறான். குழந்தைகள் நம்புகிறார்கள். பிறகு அந்த மனிதனோடு பழக நேர்கிறது. அவனுக்கும் மொழி உண்டு, வீடு உண்டு, வாழ்வு உண்டு என்று காண்கிறார்கள். முன்பு கேட்டது மெய்யா, இப்போது கண்டது மெய்யா? யார் பக்கம் நிற்பது? முடிவு குழந்தைகள் கையில். பெரியவர் சொன்னார் என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்ற பகுத்தறிவின் முதற்பாடத்தை, அந்தச் சொல்லையே உச்சரிக்காமல், ஆறு வயதில் கற்பித்த வகுப்பு அது! சூழல் கேட்டைப் பற்றிய மற்றொரு நிகழ்ச்சியில் சப்பானின் மினமாட்டாவை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை கடலில் கொட்டிய பாதரசக் கழிவு மீனில் ஏறி, மீனை உண்ட மீனவர் உடலில் ஏறி, நரம்பைத் தின்ற கொடுமை 1956இல் வெளிப்பட்டது. அந்தக் கொடுமை அங்கே பிள்ளைகளின் பாடமாயிற்று.

புகழ்ந்தது போதும், குறையும் சொல்வோம். தீர்ப்புக் கூறும் உரிமை உனக்கு என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு, ஒரே தீர்ப்பைத் தவிர வேறெதற்கும் இடமில்லாதபடி கதையைக் கட்டினால், அது உரிமையாகுமா? கூண்டைத் திறக்கத்தான் வேண்டும் என்று கதை அமைப்பே குழந்தையின் கையைப் பிடித்து இழுக்கிறதே, அங்கே சிந்தனை எவ்வளவு, இணக்கம் எவ்வளவு? கூண்டிலிருந்த மனிதனுக்காக அழுத நாடகத்தை எழுதியபோது அம்மக்களின் குரலைக் கேட்டார்களா? இக்கேள்விகள் கவென்ட்ரிக்கு மட்டும் உரியவை அல்ல. நல்ல கொள்கை கொண்டோர் அனைவர்க்கும் உரியவை, நமக்கும் உரியவை. நம் கருத்து நல்லதாகவே இருக்கட்டும்; அதை வினாவாக வைக்காமல் விழுங்கச் செய்தால், மந்திரம் மாறியிருக்குமே அன்றி மனப்பாடம் மாறியிராது. பிள்ளை நம்மையும் மறுக்கலாம் என்ற இடத்தை விட்டுவைக்கும் நாடகமே கல்வி. அந்த இடத்தை அடைத்துவிடும் நாடகம், எவ்வளவு உயர்ந்த நோக்கம் கொண்டதாயினும், பரப்புரை.

கவென்ட்ரி முயற்சி எப்படி முடிந்தது என்பதை ஒவ்வோர் இளைஞரும் தெரிந்துகொள்ள வேண்டும். கலையில் தோற்று அது அழியவில்லை. 1988இல் இங்கிலாந்து அரசு கல்விச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. வட்டாரக் கல்விக்குழுக்களின் கையிலிருந்த பணம் பெரும்பகுதி தனித்தனிப் பள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. கேட்பதற்கு இனிமையான ஏற்பாடு! பள்ளிக்கு உரிமை, தலைமை ஆசிரியருக்கு அதிகாரம் என்றார்கள். நடந்தது என்ன? எல்லாப் பள்ளிக்கும் பொதுவாக, இலவசமாக நாடகம் வழங்க இருந்த பணம் கரைந்தது. இனி நாடகம் வேண்டும் பள்ளி தன் கைப்பணத்தைக் கொடுத்து வாங்க வேண்டும். ஒழுகும் கூரையைப் பழுது பார்ப்பதா, நாடகக் குழுவை அழைப்பதா என்ற நிலை வந்தால் எந்தத் தலைமை ஆசிரியர் நாடகத்தைத் தேர்வார்? புதிய தேசியப் பாடத்திட்டமும் நாடகத்துக்குத் தனிப்பாடத் தகுதி தரவில்லை; ஆங்கிலப் பாடத்தின் ஒரு மூலையில் ஒதுக்கியது. குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. முதற்குழுவான பெல்கிரேடு குழுவே 1996இல் மூடப்பட்டது. உரிமையாக இருந்தது விலைப்பொருளானதும், முதலில் இழந்தவன் ஏழைப் பள்ளியின் பிள்ளை. இந்தப் பாடத்தை நாம் மறத்தலாகாது.

தமிழ் மண்ணில் அரங்கமும் பள்ளியும் நெடுநாள் எதிரெதிர் முகாம்களாகவே இருந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தோற்றுவித்த பாலசபையில் சேர்ந்தபோது டி. கே. சண்முகத்துக்கு வயது ஆறு. பாட்டும் வசனமும் தமிழும் அங்கே அவர் பெற்றது உண்மை. பெரும் நடிகரானதும் உண்மை. ஆனால் பாலசபைகளின் காலத்தில் மேடைக்குப் போன ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் எட்டாக்கனி. அரங்கம் வேண்டுமா, படிப்பு வேண்டுமா என்று வறுமை கேட்டது. வயிறு விடை சொன்னது. அந்தப் பிளவை ஒட்டவைக்க முயன்றோர் பின்னர் வந்தனர். யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்த குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தோற்றுவித்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே நாடகங்கள் எழுதினார். தில்லி தேசிய நாடகப் பள்ளி 1989இல் கல்வி அரங்குக் குழு ஒன்றை அமைத்தது.

தமிழ்நாட்டு அரசு 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத்திருவிழா நடத்தி வருகிறது. கூரை வீட்டுப் பிள்ளையும் பறையடித்து, பாடி, நடித்து மாநில மேடை ஏற வழி பிறந்திருக்கிறது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் போட்டி வேறு, கல்வி வேறு. போட்டி சிறந்தவனைத் தேடுகிறது. கல்வி கடைசி வரிசையில் இருப்பவனையும் தேட வேண்டும். பரிசு பெற்ற ஒருவன் மேடையில் நிற்க, பரிசு பெறாத முப்பது பேர் கைதட்டிவிட்டு வீடு திரும்பினால், அந்த முப்பது பேருக்கும் கலை என்பது பிறர் செய்வது என்ற எண்ணமே மிஞ்சும்.

அப்படியானால் வேண்டுவது என்ன? கோடி செலவில் கண்ணாடி மண்டபம் வேண்டாம். கவென்ட்ரிக் குழு பள்ளிக் கூடத்திலேயே நடித்தது. அரங்கத்தார் எவரேனும் பள்ளியோடு உறவு கொள்ள வந்தால் நாம் நான்கு கேள்விகள் கேட்போம். வருமுன் எங்கள் ஆசிரியரோடு அமர்ந்து பேசினீர்களா? பிள்ளைகள் பேச உங்கள் நாடகத்தில் இடம் உண்டா? நீங்கள் போன பின் வகுப்பில் எது எஞ்சும்? கட்டணம் கட்ட முடியாத பள்ளிக்கும் இதே நாடகம் வருமா? நான்குக்கும் ஆம் என்றால் கதவைத் திறப்போம். இல்லை என்றால், விளம்பரத்துக்குப் படம் எடுக்க எங்கள் பிள்ளைகள் கிடைக்க மாட்டார்கள் என்று சொல்வோம்.

இளைஞர்களே! நூலகம் பொதுப்பணத்தில் நடப்பதை நாம் ஏற்றுக்கொண்டோம். மதிய உணவு உரிமை என்பதையும் ஏற்றுக்கொண்டோம். சிந்திக்கத் தூண்டும் நாடகம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒவ்வொரு வகுப்புக்கும் வருவது மட்டும் ஏன் ஆடம்பரமாகத் தோன்றுகிறது? உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இந்தக் கேள்வியை எழுப்புங்கள். ஊரில் தெருக்கூத்துக் குழு இருந்தால் ஆசிரியரையும் அவர்களையும் ஒரு திண்ணையில் அமர்த்திப் பேசவையுங்கள். கூத்தின் நடுவே ஒரு சிறுமி எழுந்து, "அவர் சொல்வது சரியில்லையே" என்று சொல்லட்டும். அதற்கு விடை சொல்லக் கூத்தர் தயங்கி நிற்கட்டும். அங்கே தொடங்குகிறது கல்வி.