பெருந்திரள் பல்பயனர் இணைய ஆட்டம்: பெயரும் பொருத்தமும்

'எம்எம்ஓ' எனச் சுருக்கி வழங்கப்படும் பெருந்திரள் பல்பயனர் இணைய ஆட்டம் என்னும் பெயர், தமிழில் பெரும்பாலும் வரையறையின்றியே பயன்படுகிறது. பப்ஜி, ஃப்ரீ ஃபயர், லூடோ கிங், கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் எனப் பலர் சேர்ந்து ஆடும் எதையும் அப்பெயரில் அடக்கிவிடுகிறார்கள். அது எவற்றுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

இவ்வகையின் முன்னோடி, 1978இல் இங்கிலாந்தின் எஸ்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற எழுத்துவழி ஆட்டம் ஆகும். வரைகலையுடன் மெரிடியன் 59 (1996), அல்ட்டிமா ஆன்லைன் (1997), எவர்குவெஸ்ட் (1999) ஆகியவை வந்தன. 1993இல் வெளியான டூம் ஆட்டத்தைப் பிணையத்தில் நால்வர்தான் சேர்ந்து ஆட முடிந்தது. அந்நிலையில் ஓர் உலகில் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக உலவியதே பெருந்திரளாகத் தோன்றியது.

ஆனால் எண்ணிக்கை எளிதில் ஏமாற்றும். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்துக்கு 2010இல் ஏறத்தாழ 1.2 கோடிச் சந்தாதாரர் இருந்தனர். அவர்கள் ஒரே உலகில் இருக்கவில்லை. பல வழங்கிகளில் பிரிந்திருந்தனர். லூடோ கிங்கைக் கோடிக்கணக்கானோர் பதிவிறக்கியிருந்தாலும் ஒரு பலகையைச் சுற்றி அமர்வோர் சிலரே. எனவே பதிவு செய்தோரின் தொகையை வைத்து ஓர் ஆட்டத்தைப் பெருந்திரள் ஆட்டம் என்பது பிழை.

இரண்டு அளவுகோல்கள்

திண்டுக்கல் வட்டாரத்தில் காணும் இரு காட்சிகள் இதை விளக்க உதவும். தைப்பூசத்தையொட்டிப் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் ஒரே சாலையில் ஒரே நேரத்தில் நடக்கின்றனர். முன்னே செல்பவர் நின்றால் பின்னே வருபவரும் நிற்க வேண்டும். இது முதல் அளவுகோல்: ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒருவர் செயல் மற்றவரைத் தொட வேண்டும். இரண்டாவது ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை. சரக்கை விற்றுவிட்டு விவசாயி வீடு திரும்பினாலும் சந்தை ஓய்வதில்லை. அவர் இல்லாத நேரத்தில் பிறர் இறக்கிய மூட்டைகளால் தக்காளி விலை மாறியிருக்கும். அதுபோல், ஆடுபவர் வெளியேறிய பின்னும் ஆட்டத்தின் உலகம் நிலைத்திருந்து மாறிக்கொண்டிருக்க வேண்டும்.

பப்ஜியில் ஒரு சுற்றுக்கு 100 பேர் வரை இறங்குவதால் அது முதல் அளவுகோலை ஓரளவு நிறைவு செய்கிறது. ஆனால் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் சுற்று முடிந்து, தீவு பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. கபடிக் களத்தில் கோடுகளை அழித்து மீண்டும் போடுவது போன்றது இது. தரவரிசை, உடைகள், குழு ஆகியவை தொடர்கின்றனவே என்று இதற்கு மறுப்புச் சொல்லப்படுகிறது. தொடர்வது ஆடுபவரின் பெட்டிதான்; உலகம் தொடர்வதில்லை.

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் (2012) இதற்கு நேர்மாறானது. ஆடுபவர் உறங்கும்போதும் அவரது ஊர் தாக்கப்படலாம். ஆனால் தாக்குபவர் ஒருவரே, எதிரே யாரும் நிற்பதில்லை. ஆக, இவ்விரண்டுக்கும் எம்எம்ஓ என்ற பெயர் பொருந்தாது.

முழுமையாகப் பொருந்துவது ஈவ் ஆன்லைன் (2003). 2014 சனவரியில் அதில் நடந்த ஒரு விண்வெளிப் போரில் 7,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். அழிந்த கப்பல்கள் மறுநாள் தாமாகத் திரும்பி வரவில்லை.

இந்த அளவுகோல்கள் மிகக் கடுமையானவை என்று கருதவும் இடமுண்டு. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டிலும் ஐவர் மட்டும் நுழையும் தனி நிலவறைகள் உள்ளன. ஆனால் அவை பொது உலகின் கிளைகள். பொது உலகை நீக்கினால் ஆட்டமே இல்லை. பப்ஜியில் பொது இடமாக எஞ்சுவது காத்திருப்பு அறை மட்டுமே.

பெயரால் என்ன பயன்?

இது வெறும் சொல் வழக்கு அன்று. 2025 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற நடுவண் அரசின் இணைய விளையாட்டுச் சட்டம் மின்விளையாட்டு, சமூக விளையாட்டு, பண விளையாட்டு என மூன்றாகப் பிரிக்கிறது. அதே ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு கொண்டுவந்த விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை விதித்த தடையும் பண விளையாட்டுக்கே உரியது. சட்டத்தின் பார்வை பணத்தின் மீது இருக்கிறது. நேரத்தை விழுங்கும் அமைப்பின் மீது அந்த அளவுக்கு இல்லை.

"நிறுத்திவிட்டுச் சாப்பிட வா" என்று அழைக்கும் பெற்றோருக்கு இவ்வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். சுற்று ஆட்டத்துக்கு ஒரு முடிவு உண்டு, அதுவரை காத்திருக்கலாம். நிலைத்த உலகத்துக்கு முடிவே இல்லை. அங்கே கூட்டாளிகள் குறித்த நேரத்துக்கு வரவில்லை என்றால் இழப்பு நேரும் என்ற அச்சமே பிள்ளையைத் திரையில் கட்டிப்போடுகிறது. முன்னதற்குச் சுற்றுகளை எண்ணிக் கொடுத்தால் போதும். பின்னதற்கு மணிக்கணக்கு வேண்டும்.

ஆகவே, ஓர் ஆட்டத்தைப் பற்றி எழுதுவோர் வகைப்பெயரைச் சூட்டுமுன் மூன்று தகவல்களைத் தருவது நன்று: ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஆடுகிறார்கள், ஆடுபவர் வெளியேறிய பின் உலகம் என்ன ஆகிறது, அவர் இல்லாதபோது பிறரால் அவருக்கு என்ன நேரலாம். இம்மூன்றும் தெரிந்தால், பெயர் பொருந்துமா என்பதை வாசகரே முடிவு செய்துகொள்வார்.