ஒன்பது கோயில், ஏழு இருக்கை

கும்பகோணத்திலிருந்து நவகிரகக் கோயில்களுக்குக் கிளம்பும் குடும்பம் ஒரே நாளில் ஒன்பது முறை வண்டியைவிட்டு இறங்கி, ஒன்பது முறை ஏற வேண்டும். திங்களூரில் சந்திரன், ஆலங்குடியில் குரு, திருநாகேஸ்வரத்தில் ராகு, சூரியனார்கோயிலில் சூரியன், பக்கத்திலேயே கஞ்சனூரில் சுக்கிரன். பிறகு வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியில் திருநள்ளாறு. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலை முழுக்க ஓட்டம்தான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, மடிந்த நடு இருக்கைக்கும் கதவுக்கும் இடையே உடம்பை நுழைத்து வெளியே வர வேண்டும். மூன்றாவது கோயிலிலேயே, "நான் வண்டியிலேயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்று அவர் சொல்லிவிட்டால், அந்த வண்டிக்கு எத்தனை இருக்கை என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் உண்மையில் ஐந்துதான்.

ஏழு பேர் போகும் வண்டி தேடும் தஞ்சாவூர்க் குடும்பங்கள் முதலில் கேட்பது எஸ்யூவி. நிமிர்ந்த முன்பக்கம், உயரமான டயர், மேலிருந்து சாலையைப் பார்க்கிற உணர்வு எல்லாம் ஆசை கொள்ள வைப்பவைதான். ஆனால் இது கல்லணைக்குக் கிழக்கே கடல் வரை தட்டையாகச் சரியும் மண். மலைப்பாதை கிடையாது. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வண்டியை வாங்கினால் அந்த வசதிக்கு இங்கே வேலை இருக்காது. இங்கே இருப்பது வேறு: எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமில்லாத ஆற்றங்கரைச் சாலை, வாய்க்காலுக்கு வாய்க்கால் மதகு மேடு, ஐப்பசி கார்த்திகையில் சாலையில் தேங்கும் தண்ணீர், அறுப்புக் காலத்தில் தார்ச் சாலையிலேயே காயும் நெல்லும் வைக்கோலும். வண்டியை இவற்றை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

நம்பகம் என்ற சொல்லுக்கு டெல்டாவில் ஒரு வரலாறு உண்டு. 2000இல் டொயோட்டா குவாலிஸ் வந்தது. 2005இல் அது போய் இன்னோவா வந்தது. வாடகைக் கார் ஓட்டுபவர்கள் இரண்டையும் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப் பழகியதில் அந்தப் பெயர் உறுதிப்பட்டது. அதே காலத்தில் செவ்ரோலே டவேராவும் கல்யாண வீட்டு வாசல்களில் நின்றது. 2017 முடிவில் அந்த நிறுவனம் இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. மறைமலைநகரில் கார் தயாரித்த ஃபோர்டு, 2021இல் இந்தியத் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. வண்டிகள் நன்றாகத்தான் இருந்தன. வாங்கியவர்களுக்குப் பழைய மதிப்பு மட்டும் திரும்பவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டு வைத்துக்கொள்ள நினைக்கும் குடும்பம் இஞ்சினின் உழைப்போடு நிறுவனத்தின் நிலைப்பையும், தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ சர்வீஸ் நிலையம் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்ப்பது நல்லது.

இன்னோவாவிலேயே இப்போது இரண்டு வண்டிகள். 2016இல் வந்த கிரிஸ்டா பழைய வழியில் செய்யப்பட்டது: ஏணிபோன்ற இரும்புச் சட்டத்தின்மேல் உடல், 2.4 லிட்டர் டீசல் இஞ்சின், கையால் மாற்றும் 5 கியர், விசை பின்சக்கரங்களுக்கு. 150 குதிரைத்திறனும் 343 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் இருப்பதால் எட்டுப் பேரோடு மூட்டை முடிச்சு ஏற்றினாலும் முக்காது. நடு இருக்கை ஒரு நெம்பில் மடிந்து முன்னே கவிழும்; கடைசி வரிசைக்குத் திறக்கும் வழி அகலமானது. மேற்கூரையிலிருந்து மூன்று வரிசைக்கும் குளிர்காற்று வரும். சித்திரை வெயிலில் இது சின்ன விஷயமே இல்லை. குறை, உள்தரையின் உயரம். படியில் காலை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கைப்பிடியைத் தேடுவார்கள்.

அந்தக் குறையைத்தான் 2022 கடைசியில் அறிமுகமான ஹைகிராஸ் சரிசெய்தது. தனிச் சட்டம் இல்லாமல் உடலே சட்டமாக அமைந்த வண்டி, விசை முன்சக்கரங்களுக்கு. அதனால் உள்தரை தாழ்ந்திருக்கிறது. முதியவர்கள் ஏறுவதும் இறங்குவதும் கிரிஸ்டாவைவிட எளிது. இரு அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 2850 மில்லிமீட்டர், கிரிஸ்டாவைவிட 100 கூடுதல். அந்த நூறும் பெரும்பாலும் கால் நீட்டும் இடமாகவே கிடைக்கிறது. ஹைபிரிட் வகைக்கு லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர் என்று நிறுவனம் சொல்கிறது. நடைமுறையில் அவ்வளவு வராது. ஆனாலும் தஞ்சாவூர்க் கீழவாசல் நெரிசலில் ஊர்ந்துபோகும்போது மின் மோட்டாரே பெருமளவு வேலை பார்ப்பதால், டவுனுக்குள் பெட்ரோல் செலவு இந்த அளவு வண்டிக்கு வியக்கத்தக்க அளவில் குறைகிறது. ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. 2025இல் பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஏழு பேர் உட்கார்ந்த பிறகும் பின்னால் 300 லிட்டர் இடம் மிச்சம். ஊரிலிருந்து சென்னைக்குத் திரும்பும்போது ஒரு அரிசி மூட்டை, தேங்காய்ச் சாக்கு, வாழை இலைக் கட்டு இல்லாமல் எந்தக் குடும்பம் கிளம்புகிறது?

பெரும்பாலான வீடுகளின் கணக்கு ஹைகிராஸின் விலைக்கு எட்டாது. அவர்களுக்கு மாருதி எர்டிகா. 2012இல் வந்தது, 2018இல் புது உடல் பெற்றது. 1.5 லிட்டர் பெட்ரோல், 103 குதிரைத்திறன், நிறுவனக் கணக்கில் லிட்டருக்கு 20.51 கிலோமீட்டர். நடு இருக்கை முன்னே நகர்ந்து வழி விடும். கடைசி வரிசையில் நடுத்தர உயரமுள்ள பெரியவர் ஒரு மணி நேரம் சிரமமில்லாமல் வரலாம். உதிரிபாகம் சின்ன ஊரிலும் கிடைக்கும்; பழுது பார்க்கத் தெரிந்த கை எல்லா இடத்திலும் உண்டு. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். முதலாவது பாதுகாப்பு: இந்தியாவில் தயாராகி ஆப்பிரிக்கச் சந்தைக்குப் போன எர்டிகா 2024இல் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒரே ஒரு நட்சத்திரம் பெற்றது. 2025இல் எல்லா வகைகளிலும் ஆறு காற்றுப்பை வந்திருக்கிறது. உடலின் உறுதி என்பது அதிலிருந்து வேறான கேள்வி. இரண்டாவது, சிஎன்ஜி வகை. கிலோவுக்கு 26.11 கிலோமீட்டர் என்பது மனத்தை இழுக்கும். ஆனால் எரிவாயு உருளை நிற்பது கடைசி வரிசைக்குப் பின்னால். ஏழு பேர் ஏறினால் பெட்டி வைக்க இடம் மடிதான். பள்ளி, வேலை, கடை என்று தினமும் ஓடுபவர்களுக்கு அது சரி. குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் பானையோடு போகிறவர்களுக்குப் பெட்ரோல் வகையே உதவும்.

கியா காரன்ஸ் எர்டிகாவைவிட நீளம். அச்சிடைத் தூரம் 2780 மில்லிமீட்டர். உயர் வகைகளில் நடு இருக்கை ஒரு பொத்தானைத் தொட்டாலே மடிந்து கவிழ்ந்துவிடும். பத்து வயதுக் குழந்தைகூட அதைச் செய்யும். கோயில் கோயிலாக இறங்கி ஏறும் குடும்பத்துக்கு இது ஆடம்பரம் அல்ல.

சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகும் ரெனோ ட்ரைபரைப் பற்றிச் சிலர் இளக்காரமாகப் பேசுவதுண்டு. அது நியாயமில்லை. 3990 மில்லிமீட்டர் நீளத்துக்குள் ஏழு பேரை உட்காரவைத்து, மூன்றாம் வரிசைக்கும் குளிர்காற்று கொடுத்திருக்கிறார்கள். தேவையில்லாத நாளில் அந்த இரண்டு இருக்கைகளையும் கையாலேயே கழற்றி வீட்டுத் திண்ணையில் வைத்துவிடலாம். 84 லிட்டராக இருந்த பின்னிடம் 625 லிட்டராக விரியும். பிரச்சினை இஞ்சின். 72 குதிரைத்திறன், 96 நியூட்டன் மீட்டர். ஏழு பெரியவர்கள் ஆளுக்கு 65 கிலோ என்றால் 455 கிலோ. அந்தப் பாரத்தோடு இருவழிச் சாலையில் நெல் லாரியை முந்த நினைப்பது தவறு. நான்கு பெரியவர்களும் மூன்று குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு, அவசரப்படாத ஓட்டுநரின் கையில், இது நல்ல வண்டி.

அதன் குட்டை நீளத்துக்கு வரியிலும் பலன் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய பெட்ரோல் வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. எர்டிகா நான்கு மீட்டரைத் தாண்டுகிறது, ஆகவே அதற்கு 40. வரி மாறிய சமயத்தில் ட்ரைபரின் தொடக்க விலை 6 லட்சத்துக்கு உள்ளேயும், எர்டிகாவினுடையது 9 லட்சத்துக்கு உள்ளேயும் இருந்தன. ஹைகிராஸ் 18 லட்சத்தில் தொடங்கியது. ஹைபிரிட் 25 லட்சத்தைத் தாண்டியது. இவற்றோடு தமிழ்நாட்டின் ஆயுள் வரியைக் கூட்ட வேண்டும்: 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஹைபிரிட் வாங்குபவருக்கு அந்த வரி மட்டுமே 5 லட்சத்தை எட்டும்.

மகிந்திரா எக்ஸ்யூவி 700, ஸ்கார்பியோ என், டாடா சஃபாரி ஆகிய மூன்றும் குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. ஓட்டுநருக்கு மகிழ்ச்சி தருபவை. நெடுஞ்சாலையில் தரையோடு ஒட்டிப் போகும். ஆனால் கடைசி வரிசையில் பெரியவர் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். ஸ்கார்பியோ என்னில் மூன்று வரிசையும் நிரம்பினால் பின்கதவை மூடியபின் கைப்பை வைக்கத்தான் இடம். ஐந்து பேர் தினமும், இரண்டு பேரன் பேத்திகள் விடுமுறைக்கு என்றால் இவற்றில் ஒன்றை மனமார வாங்கலாம். பொலேரோ வழியில் வந்த வண்டிகளில் பின்னால் பக்கவாட்டில் எதிரெதிராக அமரும் பலகை இருக்கைகள் உண்டு. மோதும்போது பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவரைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. அங்கே குழந்தையை உட்காரவைக்கவே கூடாது.

இனி நெல் விளையும் ஊருக்கே உரிய மூன்று கவலைகள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டமாகவே இருந்தால் அதில் கரி அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது திருச்சி நான்குவழிச் சாலையில் சீரான வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். அப்படி எரியும்போது அங்கே வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டோடு வந்து காய்ந்த வைக்கோல்மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கும். தை மாதச் சம்பா அறுவடையில் சாலையோரம் ஒதுங்கும் ஒவ்வொருவரும் முதலில் கீழே பார்க்க வேண்டும். டவுனுக்குள்ளேயே ஓடும் வண்டி என்றால் டீசலே வேண்டாம்.

இன்னொன்று எலி. அறுவடை முடிந்ததும் வயலைவிட்டு வீட்டுப் பக்கம் வரும் எலிகளுக்கு, இன்னும் சூடு ஆறாத போனட்டின் உட்பகுதி வசதியான குடித்தனம். ஒயர்களைக் கடித்துவிட்டால் பழுதுச் செலவு வண்டியின் நவீனத்துக்கு ஏற்ப ஏறும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்தாமல், வாரம் ஒருமுறை போனட்டைத் திறந்து பார்ப்பது போதுமான காவல்.

மூன்றாவது வெள்ளம். ஹைகிராஸுக்குத் தரையிலிருந்து 185 மில்லிமீட்டர் உயரம், ட்ரைபருக்கு 182, காரன்ஸுக்கு 195. வேகத்தடைக்கும் மதகு மேட்டுக்கும் இது போதும். தெருவில் முழங்காலளவு தண்ணீருக்கு இந்த உயரம் போதாது. தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் இஞ்சினுக்குள் நீர் புகுந்து மொத்தமும் போகும். தள்ளி வெளியே எடுத்து மெக்கானிக்கை அழைப்பதே வழி.

சோதனை ஓட்டத்துக்கு ஷோரூம்காரர்கள் புறவழிச்சாலைக்குத்தான் கூட்டிப்போவார்கள். அதை மறுத்து, வீட்டிலுள்ள ஆறேழு பேரையும் ஏற்றிக்கொண்டு, தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாகத் திங்களூர் வரை கேட்க வேண்டும். ஆற்றுப் பாலங்கள், ஒடுங்கிய சாலை, வேகத்தடை எல்லாம் அந்தச் சின்ன தூரத்திலேயே வந்துவிடும். வீட்டில் மூத்தவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, கோயில் வாசலில் இறக்கி, தரிசனம் முடிந்ததும் மறுபடி அதே இடத்தில் ஏறச் சொல்ல வேண்டும். அவர் நடு வரிசைக் கதவின் பக்கம் போய் நின்றுகொண்டால், அன்றைக்கு முன்பணம் கட்டாமல் அடுத்த ஷோரூமுக்குப் போகலாம்.