பால் இறங்கும் நேரத்துப் பேச்சு

விடியுமுன்பே பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணும் பெரட்டு முடிந்துவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தவர்கள் தங்கள் பங்கு ரப்பர் மரங்களைச் சீவி முடிக்க ஒன்பது மணியாகும். அதற்கப்புறம் அவசரம் கிடையாது. உளி போட்ட கோட்டில் பால் இறங்கி, அதை ஏந்தும் மங்கில் சொட்டி, தானாக நிற்கும்வரை மரத்தை யாரும் விரட்ட முடியாது. அந்த இடைவெளியில்தான் பசியாறுவார்கள். கொசுவுக்குப் புகைமூட்டி, தூக்குச்சட்டியைத் திறந்து, நாலைந்து பெண்கள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால் பேச்சு தொடங்கிவிடும்.

பள்ளி விடுமுறையில், வெட்டுக்கோட்டில் உறைந்த கோட்டுப்பால் உருவ அம்மாவோடு போய், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தம் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வருவதால், அவர் எந்தத் திசையில் வருகிறார் என்று பால்வெட்டும் தீம்பார் முழுக்கத் தெரிந்துவிடும். குரங்கு ஒன்று மங்கைத் தூக்கிக்கொண்டு மரமேறி, குடித்துப் பார்த்து, வாய் ஒட்டிக்கொண்டு விழித்ததாம். மூன்றாவது லயத்துக் கோழி வேற்று வீட்டு அடுப்படியில் முட்டையிட்டதால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு முறிந்து, மறுவாரம் அதே முட்டையால் சம்பந்தம் பேசும் அளவுக்கு ஒட்டிப்போனார்களாம். யாரும் கதை சொல்வதாக நினைத்துச் சொன்னதில்லை. பார்த்ததைச் சொன்னார்கள், அவ்வளவுதான். அம்மா அப்போது சிரிக்கும் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தச் சிரிப்பு நம் எழுத்தில் எங்கே பதிவாகியிருக்கிறது என்று பல வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். நாவல்கள் வழி தேடினால் தோட்டம் பெரும்பாலும் கண்ணீராகவே வருகிறது. கா. பெருமாளின் நாவலுக்குப் பெயரே ‘துயரப் பாதை’. அகிலன் இங்கு வந்து பார்த்துவிட்டுப் போய் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயி’லைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிட முடியவில்லை எனக்கு. அந்தத் துயரம் முழுக்க உண்மை. எங்கள் குடும்பத்திலும் ஜப்பானியர் காலத்தில் அந்த ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர் உண்டு. ஆனால் அதே லயங்களில் அதே ஆட்கள் ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குச் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். சின்னச் சின்ன விஷயங்களைக் கூர்ந்து பார்த்து, அதை ருசியோடு சொல்லிக்கொண்டு இருந்தார்கள். இந்த இரண்டாவது உண்மையை எழுதியவர்கள் யார் யார்?

தமிழில் இதற்குப் பழைய வேர் இருக்கிறது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவைத்தவற்றைத் ‘தினப்படி சேதிக் குறிப்பு’ என்பார்கள். அரசியல் பெரிய அளவில் ஓடும் அந்தப் பக்கங்களில் அன்றைய காற்றும் மழையும்கூட இடம்பிடித்திருக்கும். அந்தத் ‘தினப்படி சேதி’ என்ற சொல்லே எனக்குப் பிடித்தமானது. பின்னால் 1930களில் ‘மணிக்கொடி’க் காலத்து வ.ரா., நடைச்சித்திரம் என்ற வடிவத்தில் தெருவில் எதிர்ப்படும் சாதாரண மனிதர்களை எழுதினார். 1965இல் ‘கணையாழி’ தொடங்கியபோது ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் சுஜாதா அதன் கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, அன்று கண்டதையும் கேட்டதையும் வாசித்ததையும் எழுதிக் குவித்தார். பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டும் பழக்கமே பலருக்கு அப்படித்தான் வந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் சி.கு. மகுதூம் சாயபு 1887இல் ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கினார். மறுவருடம் அதில் ‘வினோத சம்பாஷணை’ வந்தது. பெயருக்கேற்றபடி பேச்சு வடிவில், ஊரில் நடப்பதைச் சொல்லும் எழுத்து. தமிழின் முதல் சிறுகதையே இதுதான் என்று பிற்காலத்தில் நா. கோவிந்தசாமி வாதிட்டார். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. மலாயாத் தமிழ் அச்சு அதன் இளம் பருவத்திலேயே சாதாரண ஆட்களின் உரையாடலுக்குக் காது கொடுத்தது என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. தீம்பாரில் அம்மா பேசியதற்கு அது மூத்த அக்காள்.

1924இல் ‘தமிழ் நேசன்’ இதழ் வந்தது. 1935இல் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ வந்தது. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேச’னில் நடத்திய கதை வகுப்பு ஒரு தலைமுறை எழுத்தாளர்களையே உருவாக்கியது. அதன் கொடையை யாரும் மறுக்க முடியாது. என்றாலும் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. அந்த வகுப்பால் கதைக்குத் தொடக்கம், முடிச்சு, முடிவு என்று ஓர் ஒழுங்கு கிடைத்தது. கதையாகத் திரளாத சின்னக் கவனிப்புக்கு, அதாவது மங்கைத் தூக்கிய குரங்குக்கு, அப்படி ஒரு வகுப்பு அமையவில்லை. அது துணுக்காகவும் வாசகர் கடிதமாகவும் ஞாயிறு பதிப்பின் ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டது. அந்த ஓரங்களைத் தொகுத்தால் நல்ல நூல் ஒன்று தேறும் என்று உறுதியாக நம்புகிறேன். ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோன பிறகு இந்த வேலை இன்னும் அவசரமாகிவிட்டது.

1950களில் சில ஆண்டுகள் அதே ‘தமிழ் நேச’னில் ஆசிரியராக இருந்தவர் கு. அழகிரிசாமி. ஊர் இடைசெவல், கோவில்பட்டிப் பக்கம். ஒன்றுமே நடக்காதது போன்ற ஒரு நாளிலிருந்து கதை எடுக்கத் தெரிந்தவர். கி. ராஜநாராயணனுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாகவே வந்தன. நண்பனுக்கு நண்பன் பேசும் தொனிதான் தினப்படி எழுத்தின் உயிர்நாடி என்பதை அந்தக் கடிதங்களில் கண்டுகொள்ளலாம்.

அவருடைய கரிசல் மண்ணுக்கும் எங்கள் ஈப்போவுக்கும் இன்னொரு தொடர்பு இருக்கிறது. ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் கச்சாங் பூத்தே கம்பம் என்று ஓர் இடம். கடலை, பட்டாணி, முறுக்கு, ஓமப்பொடி என்று வகைவகையாகப் பொரித்தும் வறுத்தும் விற்கும் குடும்பங்களின் ஊர் அது. அவர்களின் முன்னோர் எட்டயபுரத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எட்டயபுரமும் கோவில்பட்டிக்குக் கூப்பிடு தூரம்தான். நான் சிறுவனாக இருந்தபோது கடலைக்கார அண்ணன் பழைய பள்ளி நோட்டுத் தாளைச் சுருட்டிக் கூம்பு செய்து, கடலையை அள்ளிப் போட்டு, மேலே ஒரு பிடி கூடுதலாக வைத்துத் தருவார். கடலை தீர்ந்ததும் தாளைப் பிரித்துப் படிப்பேன். யாரோ ஒரு பிள்ளை எழுதிய ‘என் வீடு’ கட்டுரை. ஆசிரியர் சிவப்பு மையில் போட்ட பத்துக்கு ஆறு. அந்தப் பிள்ளையின் வீட்டில் இரண்டு சன்னல், ஒரு நாய், ஒரு பாட்டி. பாட்டி தூங்கும்போதும் கண்ணாடியைக் கழற்றமாட்டாராம். ஏன் என்று எழுதியிருந்த வரி எண்ணெயில் ஊறி மறைந்துவிட்டது. நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பாட்டியை நினைத்துக்கொள்கிறேன்.

பேராக்கில் அன்றாடத்தை எழுதியவர்கள் என்றால் ஒருவரை விட்டுவிட்டுப் பேசவே முடியாது. அவர் எழுதியதைவிட வரைந்ததே அதிகம், தமிழரும் அல்லர். லாட் என்று நாடறிந்த முகமது நோர் காலித், 1951இல் கோப்பெங் அருகே ஒரு மலாய்க் கம்பத்தில் பிறந்தவர். குழந்தை முகம் உருண்டையாக இருந்ததால் வீட்டில் வைத்த செல்லப்பெயர் புலாட். அது சுருங்கி லாட் ஆனது. பதின்மூன்று வயதிலேயே முதல் புத்தகம் அச்சேறிவிட்டது. 1979இல் ‘கம்போங் பாய்’ வந்தது, 1981இல் ஈப்போ நாட்களைச் சொல்லும் ‘டவுன் பாய்’. இவற்றில் பெரிய சம்பவம் என்று சொல்ல அதிகமில்லை. ஆற்றில் குளிக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், சுன்னத்துக்குப் பயப்படுகிறார்கள். அப்பா தம் ரப்பர் நிலத்தைக் காட்டி, நன்றாகப் படித்தால் இது உனக்கு என்கிறார். ஈயவாரிக் கப்பல் தூரத்தில் இரைந்துகொண்டே இருக்கிறது. தன் கம்பம் அழிந்துபோகலாம் என்று தெரிந்தே வரைந்தவர் அவர். அந்தக் கவலையையும் சிரித்த முகத்தோடு சொன்னார். நாளிதழில் அவர் வரைந்த மலேசியக் காட்சிகளில் சீனர், மலாய்க்காரர், தமிழர், சர்தார்ஜி எல்லோரும் தத்தம் நடையோடும் உடல்வாகோடும் வந்தார்கள். பார்த்தவர்கள் தங்களையே கண்டு சிரித்தார்கள். பிறரைப் பார்த்துச் சிரிக்கும்போது அன்பு குறையக் கூடாது என்பதற்கு அவரைவிட நல்ல ஆசான் எனக்கு வாய்க்கவில்லை.

லாட் பிறந்த வட்டாரத்திலேயே, கோப்பெங்கிலிருந்து பத்து காஜா போகும் சாலையில், கெல்லி கோட்டை இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை 1915இல் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் இறந்துபோனதால் பாதியில் நின்ற மாளிகை. சுற்றுலாப் பயணிகள் அதைத்தான் பார்க்கிறார்கள். நான் நண்பர்களை அழைத்துப் போனால் சற்றுத் தள்ளியிருக்கும் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போவேன். ஸ்பானியக் காய்ச்சலில் தொழிலாளிகள் பலர் மாண்டபோது, அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள், துரை ஒத்துக்கொண்டார். கோயில் எழும்பியதும் நம் ஆட்கள் சுதைச் சிற்பங்களுக்கு நடுவே அவரையும் வெள்ளை உடுப்போடு நிற்கவைத்துவிட்டார்கள். நன்றி அதில் இருக்கிறது. அந்த மனிதர் தினமும் எப்படி வந்து நிற்பார் என்று பார்த்துவைத்த கண்ணும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் இருந்திருக்கக்கூடிய கூட்டம் சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் விட்டுப்போன தினப்படி சேதி அது. இந்தத் தேடலில் அதற்கு ஓர் இடம் கொடுக்காமல் எனக்கு மனம் வராது.

வீட்டிலும் அப்படி ஒன்று கிடைத்தது. அப்பா பால் ஸ்டோரில் வேலை பார்த்தார். மளிகைக் கடைக்காரர் தீபாவளிக்குக் கொடுக்கும் சின்ன டைரியில் பால் கணக்கு எழுதுவார். அவர் காலமான பிறகு அதைப் புரட்டியபோது, கணக்குக்கு அடியில் பென்சிலில் ஒற்றை வரிகள். “மழை. வேலை இல்லை. எல்லாரும் வீட்டில்.” “திடலில் படம். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தோம், எம்ஜிஆர் இடது கையால் சண்டை போட்டார்.” “சின்னவன் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்து என் கையில் சூடு வைத்தான்.” அந்தச் சின்னவன் நான். ரப்பர்க் கொட்டையைத் தரையில் பரபரவென்று தேய்த்து, சூடேறியதும் அடுத்தவர் கையில் வைத்துவிட்டு ஓடுவது தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு. அப்பா அன்று திட்டினார் என்றுதான் எனக்கு நினைவு. அதை எழுதிவைக்கும் அளவுக்கு ரசித்திருக்கிறார் என்று தெரிய முப்பது வருடம் ஆயிற்று. டைரியைப் படித்த அன்று இரவே நானும் ஒரு நோட்டு வாங்கி எழுதத் தொடங்கினேன். நாளுக்கு இரண்டு வரிதான். இரண்டு வரி எழுத வேண்டும் என்பதற்காகவே பகல் முழுக்கக் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன். ஈப்போ பாசாவில் மீன்காரர் சில்லறை எண்ணும் விதம்கூட எனக்கு இப்போது விருந்தாக இருக்கிறது.

அப்பா எழுதிய காலத்துத் தோட்டம் இப்போது இல்லை. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற துண்டாடல் காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளின் பணத்தைச் சேர்த்தே சில தோட்டங்களை வாங்கிக் காப்பாற்றினார். காப்பாற்ற முடியாதவை பல. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையும் போய் வீடமைப்புத் தாமான் வந்தது. லயத்து மக்கள் புந்தோங்கிலும் சிலிபினிலும் அடுக்குமாடிகளிலும் சிதறினார்கள். ஒரே மரத்தடியில் பசியாறியவர்கள் ஆளுக்கொரு திசையில்.

இங்கேதான் எழுத்துக்கு எதிர்பாராத ஒரு துணை வந்தது. முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு அஞ்சலும், 2005இல் கைப்பேசிக்கு வந்த செல்லினமும் தமிழை விரல் நுனிக்குக் கொண்டுவந்தன. எங்கள் பழைய தோட்டத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எழுபது வயது அக்காமார் தினம் நாலு வரி தட்டுகிறார்கள். வாழைப்பூ கிடைத்தது, மருமகள் வாங்கிய துடைப்பத்தில் மின்சாரம் ஓடுகிறது, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி பொங்கல் பானை பொங்கியபோது தானும் கை தட்டினார். எழுத்துக்கூட்டத் தயங்குபவர்கள் குரல் பதிவு அனுப்புகிறார்கள்.

அச்சிலும் நல்ல அறிகுறிகள் தெரிகின்றன. 2007 முதல் ‘வல்லினம்’ இதழ் பத்தி எழுத்துக்கும் அனுபவக் கட்டுரைக்கும் தாராளமாக இடம் தந்தது. ம. நவீனின் ‘வகுப்பறையின் கடைசி நாற்காலி’, பள்ளியில் பின்வரிசைப் பிள்ளைகளை ஓர் ஆசிரியர் எவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்க்க முடியும் என்று காட்டியது. தோட்டத்து அன்றாடத்துக்கும் இதே நெருக்கத்தோடு ஒருவர் வர வேண்டும். பெரட்டுக் களத்தின் சத்தம், ஆயாக் கொட்டகைத் தொட்டில்களின் வரிசை, சம்பள நாளில் துணிக்காரர் விரிக்கும் மூட்டை, இவற்றைக் கண்டவர்களில் இளையவர்களுக்கே ஐம்பது தாண்டிவிட்டது.

எங்கள் தாமானுக்குப் பின்னால், சாக்கடையை ஒட்டி, வெட்டாமல் விட்ட ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. காய் முற்றும் காலத்தில் வெயில் ஏறினால் வெடித்துக் கொட்டைகள் கார் நிறுத்தும் தகரக் கூரையில் விழும். நேற்று ஒன்பது மணிக்கு அம்மாவும் நானும் பசியாறிக்கொண்டிருந்தோம். பட்டென்று ஒரு சத்தம். அம்மா தோசையைப் பிய்த்த கையோடு நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொன்று. இன்னொன்று. “மண்டோர் வராரு, மணியடிக்கிறாரு பாரு” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

இரவு நோட்டில் எழுதினேன்: “காலை 9.10. கூரையில் மூன்று கொட்டை. அம்மா சிரித்தார்.”