‘ஒஸ்ஸெர்வாந்தே’ என்னும் இத்தாலியப் பெயரடை

இத்தாலியச் சொற்களுக்கு ஆங்கிலத்தின் வழியே பொருள் காணும் வழக்கம் நம்மிடையே உண்டு. ‘ஒஸ்ஸெர்வாந்தே’ என்னும் பெயரடையில் அவ்வழக்கம் பெரும்பிழைக்கு இடந்தருகிறது. இதனோடு வேரொத்த ஆங்கிலச் சொல் கூர்ந்து நோக்கும் இயல்பையே பெரிதும் உணர்த்தும். இத்தாலியச் சொல்லோ விதி வழுவாது ஒழுகுதலையே முதற்பொருளாகக் கொண்டது. ‘ஒஸ்ஸெர்வாந்தே’ ஆகிய யூதர் என்னுந் தொடரைக் ‘கூர்நோக்குடைய யூதர்’ எனப் பெயர்ப்பின், சமயநெறி பிறழாத ஒருவர் துப்பறிவாளராகி விடுவார்!

நோக்குதல், காத்தல், மதித்தல் ஆகிய பொருள்கள் இலத்தீன் வினையாகிய ‘ஒப்செர்வாரே’யிலேயே உள. அதன் வழிவந்த இத்தாலிய வினை இன்றும் விண்மீனை நோக்குதற்கும் சட்டத்தைக் கைக்கொள்ளுதற்கும் ஒருங்கே வழங்குகிறது. பெயரடை மட்டும் ஒருபுறம் சாய்ந்தது. இச்சாய்வை நிலைநிறுத்தியதில் துறவோர் வரலாற்றுக்கும் பங்குண்டு எனக் கருதுகிறோம். பிரான்சிசுவின் ஒழுங்கை நெகிழ்வின்றிப் பேண விழைந்த துறவியர் இச்சொல்லாலேயே பெயர் பெற்றனர். சீயெனாவின் பெர்னார்தீனோ (1380–1444) அவருள் தலைசிறந்தவர். 1517இல் போப்பாண்டவர் பத்தாம் லியோ அவர்களைத் தனிச்சபையாகப் பிரித்தார். 1897இல் பதின்மூன்றாம் லியோ பிற கிளைகளோடு இணைத்தபோது அப்பெயர் சபைப்பெயராக வழங்குதல் ஒழிந்தது. எனினும் சீயெனாவிலுள்ள அவர்தம் கோயில் ‘ஒஸ்ஸெர்வான்ஸா’ என்றே இன்றும் வழங்குகிறது.

கூர்நோக்குடையாரைச் சுட்ட இத்தாலியர் ‘ஒஸ்ஸெர்வத்தோரே’ என்பர். மருத்துவ ஆய்வுகளுக்கு ‘ஒஸ்ஸெர்வாட்சியொனாலே’ என்பர். கத்தோலிக்கரைப் பற்றிக் கூறுங்கால் ‘பிராத்திகாந்தே’ என்பதே மிகுதியும் பயில்வது. ஒழுகுதலிலும் இவ்வாறு சமயந்தோறும் சொல் வேறுபடுதல் அகராதியால் மட்டும் விளங்குவதன்று.

பழைய மடல்களின் விளியில் வரும் ‘ஒஸ்ஸெர்வாந்திஸ்ஸிமோ’ வேறொரு சொல். ‘மதித்தற்குரிய’ என்னும் இலத்தீன் வடிவினின்று பிறந்த அது, மடல் பெறுவாரின் சிறப்பைக் குறிக்கும்; அவர்தம் ஒழுக்கத்தை அன்று. மூலத்தில் முன்னதன் தகரம் வல்லோசையுடையது. பின்னதன் தகரம் மெல்லோசையுடையது. நம் வரிவடிவம் இவ்வேறுபாட்டைக் காட்டாமையின், இரண்டும் ஒருசொல்லின் வடிவங்களே என மயங்குதல் எளிது.

தமிழில் இதற்கு ‘நோக்கு’ என்னும் அடி பொருந்தாது. சமயம் பற்றிய இடத்து ‘நெறி வழுவாத’ என்றும், சட்டம் பற்றிய இடத்து ‘மதித்தொழுகும்’ என்றும் பெயர்த்தல் தகும். எல்லா இடத்திற்கும் ஒரே சொல்லை வேண்டுவார்க்குக் ‘கைக்கொள்ளும்’ என்பது ஒருவாறு உதவும். ஆயினும் சமயப்பற்றின் சாயல் அதில் முழுதும் ஏறாது.