அரை வாக்கியம்

இந்த வாரம் சினிமா விமர்சனம் கிடையாது. புத்தக விமர்சனமும் கிடையாது. ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு விமர்சனம் செய்யப் போகிறேன். வாக்கியத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. சொன்னவர் அமெரிக்கர். ஆனால் அம்பத்தூரிலோ அம்பாசமுத்திரத்திலோ எந்த நர்ஸிங் ஹோம் பெஞ்சில் உட்கார்ந்தாலும் சுத்தமான தமிழில் காதில் விழும்.

'ஒரு தடவை சிசேரியன்னா, எப்பவுமே சிசேரியன்தான்.'

என் அக்கா மகள் இரண்டாவது தடவை உண்டானபோது துணைக்குப் போயிருந்தேன். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனோம்.

''முதல் குழந்தை?''

''சிசேரியன் மேடம்.''

''அப்ப இதுவும் சிசேரியன்தான். நல்ல நாள், நட்சத்திரம் பார்க்கிறதா இருந்தா ஜோசியர்கிட்ட கேட்டுட்டு முன்னாடியே சொல்லிடுங்க. தியேட்டர் புக் பண்ணணும்.''

அவ்வளவுதான். கையில் கொண்டுபோன ஃபைல் திறக்கப்படவில்லை. முதல் தடவை ஏன் ஆபரேஷன் ஆயிற்று என்ற கேள்விகூட வரவில்லை. திரும்பும்போது ஆட்டோவில் அவள் கேட்டாள்: ''ஏன் சித்தி, ஜோசியரைக் கேட்கணும்னு சொன்னாங்க, சரி. என்னை ஒண்ணுமே கேட்கலையே?''

வீட்டுக்கு வந்து அந்த வாக்கியத்தின் பூர்வீகத்தைத் தேடிப் பார்த்தேன். தேடினால் ஆச்சரியம்.

1916-ல் எட்வின் கிராகின் என்ற நியூயார்க் பிரசவ மருத்துவர் சக டாக்டர்களிடம் பேசிய பேச்சு அது. அவர் சொல்ல வந்தது வேறு. முதல் சிசேரியனை அவசரப்பட்டுச் செய்துவிடாதீர்கள், ஒரு தடவை செய்தால் அடுத்த தடவையும் அதே கதி ஆகிவிடலாம், யோசித்துக் கத்தியை எடுங்கள் என்பதுதான் மனிதர் விடுத்த எச்சரிக்கை. அதே பேச்சில் இதற்கு விதிவிலக்குகள் உண்டு என்றும் சொல்லியிருக்கிறார். தன்னிடம் வந்த ஒரு பெண்ணே சிசேரியனுக்குப் பிறகு மூன்று குழந்தைகளை இயல்பாகப் பெற்றார் என்று உதாரணமும் கொடுத்திருக்கிறார்.

ஆக, முதல் ஆபரேஷனைத் தவிர்க்கச் சொன்ன எச்சரிக்கையை, இரண்டாவது ஆபரேஷனுக்கு அனுமதிச் சீட்டாக மாற்றிவிட்டோம். பாதியை வைத்துக்கொண்டு மீதியை நியூயார்க்கிலேயே விட்டுவிட்டோம்.

அவர் காலத்தையும் பார்க்க வேண்டும். 1916-ல் பென்சிலின் கிடையாது. இன்று இருப்பது போல பிளட் பேங்க் கிடையாது. சிறு வயதில் ரிக்கெட்ஸ் வந்து இடுப்பெலும்பு குறுகிப்போன பெண்களுக்குத்தான் பெரும்பாலும் சிசேரியன். குறுகிய எலும்பு அடுத்த பிரசவத்துக்குள் அகலமாகிவிடாது. அதனால் மறுபடியும் ஆபரேஷன் என்பதில் நியாயம் இருந்தது. தவிர, அன்று கருப்பையை மேலிருந்து கீழாக நெடுக்குவாட்டில் கிழிப்பார்கள். பிரசவ வலியின்போது ஓங்கிச் சுருங்குவது கருப்பையின் மேல்பகுதி. தையல் அங்கே இருந்தால் பிரிய வாய்ப்பு அதிகம்.

பிறகு 1920-களில் கிளாஸ்கோவில் மன்ரோ கெர் என்ற மருத்துவர் கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்குவாட்டில் கீறும் முறையை முன்னிறுத்தினார். பிற்பாடு உலகமெங்கும் அதுவே வழக்கமானது. நம் ஊர் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எல்.எஸ்.சி.எஸ்.' என்று நாலு எழுத்து இருக்குமே, அதுதான் இது. கத்தி வைக்கும் இடம் மாறியது. காரணங்கள் மாறின. வாக்கியம் மட்டும் மாறவில்லை.

சரி, சிசேரியனுக்குப் பிறகு இயல்பான பிரசவத்துக்கு முயன்றால் என்ன ஆகும்? 2004-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. அதில் முயன்று பார்த்தவர்கள் 17,898 பெண்கள். நூற்றுக்கு 73 பேருக்கு இயல்பாகவே பிறந்தது. பழைய தழும்பு பிரிந்தது ஆயிரத்தில் ஏழு பேருக்கு. 12 குழந்தைகளுக்குப் பிராணவாயு குறைந்து மூளை பாதிக்கப்பட்டது. முயலாமல் நேரே ஆபரேஷனுக்குப் போனவர்களின் குழந்தைகளில் அப்படி ஒன்றுகூட இல்லை.

இதில் 73-ஐ மட்டும் படித்துவிட்டுக் குதிக்கக் கூடாது. 12-ஐ மட்டும் படித்துவிட்டு நடுங்கவும் கூடாது. அமெரிக்கர்கள் இரண்டையும் செய்தார்கள். 1996-ல் முன்பு சிசேரியன் ஆனவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு இயல்பான பிரசவம். அதற்குப் பிறகு தழும்பு பிரிந்த செய்திகள், வழக்குகள், எந்த நேரமும் ஆபரேஷனுக்கு டாக்டர் தயாராக இருக்க வேண்டும் என்று 1999-ல் வந்த வழிகாட்டுதல். பத்து வருஷத்தில் அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே விழுந்தது. இந்தப் பத்து வருஷத்தில் பெண்களின் உடம்பு மாறிவிடவில்லை. ஆஸ்பத்திரிகளின் பயம்தான் மாறியது.

நம் ஊர்க் கணக்கு என்ன? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. இந்தியா முழுமைக்கும் எடுத்தால் 21 அல்லது 22. ஆகவே இரண்டாவது குழந்தைக்காக நாற்காலியில் வந்து உட்காரும் தமிழ்நாட்டுப் பெண்களில் எத்தனை பேர் வயிற்றில் தழும்போடு வருவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அத்தனை பேருக்கும் ஒரே வாக்கியம்தான் பதில் என்றால் எப்படி?

டாக்டர்கள் கோபப்படக் கூடாது. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இப்படி ஒரு பிரசவத்துக்கு வலி ஆரம்பித்ததிலிருந்து குழந்தையின் இதயத் துடிப்பை ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தழும்பு பிரிவதன் முதல் அறிகுறி பெரும்பாலும் அங்கேதான் தெரியும். தெரிந்தால் நிமிஷக் கணக்கில் தியேட்டருக்குள் போக வேண்டும். நம் சின்ன நர்ஸிங் ஹோம்களில் மயக்க மருந்து டாக்டர் ஒருத்தரே நாலு ஆஸ்பத்திரிக்கு டூ வீலரில் ஓடிக்கொண்டிருப்பார். ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்தத்துக்கு எங்கே போவது? ஏதாவது ஆகிவிட்டால் சொந்தக்காரர்கள் முதலில் உடைப்பது வரவேற்பறைக் கண்ணாடியை. இத்தனையும் உண்மை. ஆனால் ''இங்கே அந்த வசதி இல்லைம்மா'' என்று சொல்வது வேறு. ''உன் உடம்புக்கு அது முடியாது'' என்று சொல்வது வேறு. முதலாவது நேர்மை. இரண்டாவதில் ஆஸ்பத்திரியின் குறை அந்தப் பெண்ணின் குறையாகிவிடுகிறது.

திருச்சி மலைக்கோட்டை தாயுமானவர் கதை உங்களுக்குத் தெரியும். காவிரியில் வெள்ளம், அக்கரையில் அம்மா மாட்டிக்கொண்டாள், இக்கரையில் மகளுக்கு வலி. அம்மா வேஷத்தில் சிவபெருமானே வந்து கூட இருந்தாராம். பிரசவத்துக்குக் கூடவே ஒரு ஆள் வேண்டும் என்பது கடவுளுக்கே தெரிந்திருக்கிறது. நம் லேபர் வார்டுகளில் இல்லாதது அந்த ஒரு ஆள்தான்.

இப்போது எதிர்த்தரப்பு. விமர்சனம் என்றால் இரண்டு பக்கமும் அடி விழ வேண்டுமல்லவா? நம் மொழியில் ஒரு வார்த்தை இருக்கிறது: சுகப்பிரசவம். கேட்க இனிமைதான். ஆனால் கத்தி வைத்துப் பெற்றவளை அது என்ன சொல்கிறது? அம்மாவும் பிள்ளையும் நலமாக இருந்தாலும் அவளுக்கு ஒரு மார்க் குறைவு. இந்த வார்த்தையின் போதையில் எப்படியாவது 'நார்மல்' என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் உண்டு. முன்பு நெடுக்குவாட்டில் கீறியிருந்தால், தழும்பு ஏற்கெனவே பிரிந்திருந்தால், நஞ்சு வழியை அடைத்துக்கொண்டு இருந்தால் முயற்சியே கூடாது. வீட்டில் முயல்வது எந்தத் தழும்புக்கும் கூடாது. எல்லாம் சரியாக இருந்தும் ஒருத்தி, ''எனக்கு சிசேரியனே போதும், இத்தோடு குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிடுங்கள்'' என்றால் அதுவும் முழுமையான பதில்தான். ஒன்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: ஆபரேஷன் எண்ணிக்கை கூடக் கூட, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு பழைய தழும்பில் வேர்விட்டு, பிரியாமல் ரத்தம் கொட்டும் அபாயமும் கூடும். மூன்றாவது குழந்தை ஆசை இருந்தால் இந்தக் கணக்கு முக்கியம்.

அக்கா மகள் வேறு ஆஸ்பத்திரி தேடிப் போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் செய்தது ஃபைலைத் திறந்ததுதான். ''போன தடவை குழந்தை திரும்பலை, அதான் ஆபரேஷன். இந்தத் தடவை தலை கீழே இருக்கு. கீறினது குறுக்குவாட்டில். நாலு வருஷ இடைவெளி இருக்கு. முயற்சி பண்ணலாம்'' என்றார். கூடவே, ''மாத்திரை வெச்சு வலி வரவழைக்க மாட்டேன், தழும்புக்கு ஆபத்து. தானா வரணும். நடுவுல எனக்கு ஏதாவது சரியில்லைன்னு பட்டா ஆபரேஷன்தான். சம்மதமா?'' என்று கேட்டார். இருபது நிமிஷம் ஆயிற்று.

ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு வலி தானாகவே வந்தது. விடிய விடியக் கூடவே ஒரு நர்ஸ் இருந்தார். காலை எட்டரை மணிக்குக் குழந்தையின் துடிப்பு இறங்கத் தொடங்கியது. டாக்டரம்மா குனிந்து அவள் முகத்தைப் பார்த்து, ''இனிமே காத்திருக்க வேண்டாம்னு நினைக்கிறேன். போகலாமா?'' என்றார். அவள், ''போகலாம் மேடம்'' என்றாள்.

பெண் குழந்தை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தழும்பு பிரியவில்லை. அக்கா ஃபோனில் ஊருக்கெல்லாம், ''சுகப்பிரசவம் ஆகலைடி, ஆபரேஷன்தான்'' என்று துக்கம் சொல்லும் குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டிலிலிருந்து சன்னமாக ஒரு குரல்: ''அம்மா, சுகம்தான்னு சொல்லு.''

''இத்தனை பாடும் வீணாப் போச்சேன்னு தோணலியா?'' என்று அப்புறம் ஒருநாள் கேட்டேன்.

''இல்ல சித்தி. போன தடவை எனக்கு ஆபரேஷன் பண்ணிட்டாங்க. இந்தத் தடவை என்னைக் கேட்டுட்டுப் பண்ணாங்க.''

கடைசியாக வாசகிகளுக்கு ஒரு வேலை. பீரோவில் எல்.ஐ.சி. பத்திரத்துக்குக் கீழே உங்கள் முதல் பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். எடுத்துப் பாருங்கள். ஏன் ஆபரேஷன், கருப்பையில் எந்தவாட்டில் கீறல் என்ற இரண்டும் அதில் இருக்கிறதா? வயிற்றின் மேல் தெரியும் தழும்பை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. எழுதவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். அடுத்த தடவை யாராவது அந்த அரை வாக்கியத்தைச் சொன்னால், அந்தக் காகிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டு மீதியைக் கேளுங்கள்.