சக்தி ஆயுதத்தைக் கடோத்கசன் மேல் வீசிவிடாதீர்கள்

"அக்கா, நில்லு! அதையும் இப்பவே விட்டுட்டா அப்புறம் என்ன செய்வ?"

சித்தி மகன் சொல்லி முடிப்பதற்குள் நான் பொத்தானை அழுத்திவிட்டேன். என் மந்திரவாதியின் விரல் நுனியிலிருந்து மூன்று ஒளியம்புகள் வளைந்து பறந்தன. நான்கு கால் முளைத்த மூளை போலிருந்த பிராணி ஒன்று சுருண்டு விழுந்தது. எனக்கோ கைதட்டத் தோன்றியது. ஆனால் இன்னும் இரண்டு நின்றுகொண்டிருந்தன. பெரிய மந்திரம் விட என் மந்திரவாதிக்கு அன்றைக்கு இருந்ததே இரண்டு ஸ்பெல் ஸ்லாட். இரண்டையும் அந்த ஒரு பிராணிக்கே கொட்டித் தீர்த்திருந்தேன்.

பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னாள்: "கர்ணன் பண்ணின வேலையப் பண்ணிட்டியேடி. கடோத்கசன் வந்து ஆட்டம் காட்டினான்னு கையில இருந்த ஒரே சக்தி ஆயுதத்த அவன்மேல விட்டான். அர்ச்சுனன் எதிர்ல நின்னப்போ கையில என்ன இருந்துச்சு?"

அம்மா கம்ப்யூட்டர் விளையாட்டு எதையும் அதற்கு முன் பார்த்ததில்லை. விடிய விடியக் கர்ண மோட்சம் கூத்துப் பார்த்து வளர்ந்தவள். பால்டர்ஸ் கேட் 3 என்ற இந்த விளையாட்டில் புதிதாக இறங்கும் யாருக்கும் நான் சொல்ல வேண்டிய முதல் பாடத்தை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ விளக்கங்கள் கேட்டிருக்கிறேன், இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

நாங்கள் வில்லியனூரில் சித்தி வீட்டில் இருந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீரெல்லாம் தென்பெண்ணையில் வந்து சேர, ஆற்றோரத்து எங்கள் சோரியாங்குப்பத்துக்குள் ஆறு புகுந்தது. கரும்பும் நெல்லும் நின்ற இடம் தெரியவில்லை. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்கு வந்த எங்களுக்கு, ராத்திரியில் தூக்கம் வரவில்லை. "கொஞ்ச நேரம் இதப் பாருங்க" என்று தம்பி அவன் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினான். பறக்கும் கப்பலில் தொடங்கும் அந்தக் கதையும் சீக்கிரமே ஓர் ஆற்றங்கரைக்குத்தான் வந்து சேர்கிறது. வானத்திலிருந்து அந்தக் கப்பல் நொறுங்கி விழ, மணலில் கண் விழிக்கிறோம். கையில் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த நிமிடமே நான் அதற்குள் போய்விட்டேன்.

பெல்ஜியத்தின் கென்ட் நகரில் இருக்கும் லேரியன் நிறுவனம் செய்த விளையாட்டு இது. 2023 ஆகஸ்ட் 3 அன்று கணினிக்கு வந்தது, அந்த டிசம்பரிலேயே தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற பரிசை வாங்கியது. கொடுத்தே ஆக வேண்டிய பரிசு! புயலுக்கு அடுத்த சித்திரையில் சீட்டுப் பணம் எடுத்து நானே ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். 150 ஜிபி இடம் கேட்கும் விளையாட்டு எங்கள் ஊர் இணைப்பில் இறங்கி முடிக்கப் பல இரவுகள் ஆயின. காத்திருந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தகும்.

இனி சண்டைக்கு வருகிறேன். இதில் விரல் வேகம் தேவையே இல்லை. உங்கள் முறை வரும்போது உலகமே நின்று காத்திருக்கும். எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்து யோசிக்கலாம். ஒரு முறைக்கு ஓர் ஆக்‌ஷன், ஒரு போனஸ் ஆக்‌ஷன், இத்தனை மீட்டர் நடக்கலாம் என்பது கணக்கு. வாள் வீசுவதும் பெரும்பாலான மந்திரங்களும் ஆக்‌ஷன். மருந்து குடிப்பதும் எதிரியைப் பிடித்துத் தள்ளுவதும் போனஸ் ஆக்‌ஷன். புதியவர்கள் வாளை வீசிவிட்டு முறையை முடித்துவிடுகிறார்கள், போனஸ் ஆக்‌ஷன் வீணாகிறது. நானும் முதல் வாரம் முழுக்க அப்படித்தான் வீணாக்கினேன். தள்ளுவதன் அருமை, கோப்ளின் என்ற எதிரி ஒருவனைப் பாறை விளிம்பிலிருந்து தள்ளிவிட்ட அன்றுதான் புரிந்தது. சண்டை போட வேண்டிய ஆளே இல்லாமல் போனான். (அவன் மடியில் இருந்த காசும் அவனோடு பள்ளத்துக்குப் போய்விடும், அதையும் யோசித்துத் தள்ளுங்கள்.)

அடி படுமா படாதா என்பதைத் தீர்மானிப்பது இருபது முகப் பகடை. அதில் விழும் எண்ணோடு உங்கள் திறமைக்கான எண்ணைக் கூட்டி, எதிரியின் கவச எண்ணை எட்டினால் அடி விழும். தம்பி இதை விளக்கியபோது அம்மா, "அப்போ தாயம்தான்" என்றாள். தாயமேதான்! ஆனால் இந்தத் தாயத்தில் பகடையை நம் பக்கம் சாய்க்க வழி இருக்கிறது. மேட்டில் நின்று அம்பு விட்டால் இரண்டு எண் கூடும், பள்ளத்திலிருந்து மேலே விட்டால் இரண்டு குறையும். எதிரிக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து அடித்தால் பகடையை இருமுறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே சண்டை தொடங்கும் முன்பே ஆட்களை மேட்டில் ஏற்றிவிடுங்கள். கர்ணனின் நாகாஸ்திரம் வந்தபோது கண்ணன் அர்ச்சுனனின் தேரை ஓர் அழுத்து அழுத்தினான், கழுத்துக்கு வந்தது கிரீடத்தோடு போனது. ஏற்ற இறக்கம் சண்டையில் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்மா சொன்ன இன்னொன்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். நம்முடைய பார்ட்டியில் நான்கு பேர். நான் வாள்காரி லாயெஸெலை மட்டும் முன்னால் ஓட்டிக்கொண்டே போவேன், மற்ற மூவரும் எங்கோ பின்னால் நிற்பார்கள். "ஒரே காய ஓட்டிக்கிட்டுப் போனா வெட்டுதான் வாங்குவ. நாலையும் நகத்து." அன்றிலிருந்து நான்கையும் நகர்த்துகிறேன்.

சரி, மந்திரம். எனக்கு உயிரான பகுதி.

மந்திரங்களில் இரண்டு வகை. கேன்ட்ரிப் என்பவை சின்ன மந்திரங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் விடலாம். மற்றவற்றுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்பெல் ஸ்லாட் செலவு. ஸ்லாட் தீர்ந்தால், லாங் ரெஸ்ட் எடுத்துத் தூங்கி எழுந்தால் எல்லாம் திரும்ப வரும். இந்த விதிகளின் வேர் 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜை விளையாட்டில் இருக்கிறது. மந்திரவாதி காலையில் மந்திரத்தை மனதில் ஏற்றிக்கொள்வான், சொன்ன மாத்திரத்தில் அது மனதைவிட்டுப் போய்விடும் என்ற எண்ணத்தை அவர்கள் ஜாக் வான்ஸ் என்ற கதாசிரியரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. வேண்டிய நேரத்தில் மந்திரம் மறந்துபோகட்டும் என்றுதானே பரசுராமர் கர்ணனைச் சபித்தார்!

ஆகவே சின்ன எதிரிக்குக் கேன்ட்ரிப், பெரிய எதிரிக்கு ஸ்லாட். இது முதல் பாதி. எந்த மந்திரத்துக்கு ஸ்லாட் கொடுப்பது என்பது அடுத்த பாதி, புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். எல்லோரும் நெருப்பைத் தேடிப் போகிறோம். நானோ பிளெஸ் என்ற ஆசீர்வாத மந்திரத்தின் காலில் விழச் சொல்வேன். ஒரே ஸ்லாட்டில் மூன்று பேருக்கு, அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நான்முகப் பகடை சேர்ந்து விழும். சராசரி இரண்டரை. இருபதில் இரண்டரை என்றால் நூற்றுக்கு 12.5 வாய்ப்பு கூடுகிறது. அதுவும் மூன்று பேருக்கு, பத்து முறைகள் வரை! பார்க்கப் பளபளப்பு ஒன்றுமில்லை. ஆனால் நான் தோற்றுக்கொண்டிருந்த சண்டைகளை வெல்ல வைத்தது இதுதான்.

பிளெஸ் போன்ற மந்திரங்கள் நிலைக்க, போட்டவரின் கவனம் கலையக் கூடாது. ஒருவர் ஒரு நேரத்தில் இப்படி ஒன்றைத்தான் பிடித்துவைக்க முடியும். இரண்டாவதைப் போட்டால் முதலாவது கலைந்துவிடும். அடி பட்டாலும் பகடை உருட்டித் தப்ப வேண்டும். தவம் செய்பவரைச் சுற்றிக் காவல் நிற்பது போல அவரை மற்றவர்கள் காக்க வேண்டும். அதேபோல எதிரி மந்திரவாதி எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால் முதல் அடி அவனுக்குத்தான். மேஜிக் மிஸைல் என்ற அந்த ஒளியம்பு மூன்றும் குறி தவறவே தவறாது, தவம் கலைக்க அதைவிட நல்ல கருவி ஆரம்பத்தில் கிடைக்காது.

இப்போது தண்ணீர். இதைச் சொல்லாமல் நான் தூங்கப் போக மாட்டேன். பையில் கிடக்கும் சாதாரணத் தண்ணீர் பாட்டிலை எதிரியின் மேல் எறியுங்கள். நனைந்த ஆளுக்குக் குளிர் அடியும் மின்னல் அடியும் இரட்டிப்பாக விழும். ரே ஆஃப் ஃப்ராஸ்ட் என்ற குளிர் மந்திரம் கேன்ட்ரிப், அதாவது செலவே இல்லாதது. காசில்லாத மந்திரம் இரண்டு மடங்கு அடிக்கிறது! நனைந்தவன் மேல் மட்டும் நெருப்பை விடாதீர்கள், பாதிதான் சுடும். தண்ணீர் தேங்கிய தரையில் மின்னல் இறங்கினால் அதில் நிற்கும் எல்லோரையும் தாக்கும், நம் ஆட்களையும் சேர்த்து. கரண்டு கம்பி அறுந்து கிடக்கலாம், தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதே என்று வெள்ளம் வந்த அந்த டிசம்பரில் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தத் தண்ணீர் விதி அப்படியே இந்த விளையாட்டுக்குள் இருப்பதைப் பார்த்தபோது, இதைச் செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. எண்ணெய் பற்றிக்கொள்கிறது, பனிக்கட்டியில் கால் வழுக்குகிறது, சிலந்தி வலை எரிகிறது. உலகம் உலகம் மாதிரியே நடந்துகொள்கிறது.

சிலந்தி வலை என்றதும் அந்த இரவு ஞாபகம் வருகிறது. பாழடைந்த கிராமத்துக்குக் கீழே ஒரு குகை, அதில் ஒரு தாய்ச் சிலந்தி. நேருக்கு நேர் போய் நான்கு முறை மாண்டோம். ஐந்தாவது முறை தம்பி பேசாமல் இருக்க, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது பள்ளத்துக்கு மேலே கட்டிய வலைப் பாலத்தில் நடந்து வந்தது. காத்திருந்து, அது நடுவில் வந்த நிமிடம், அதன்மேல் விடாமல் பாலத்தின்மேல் ஃபயர் போல்ட் விட்டேன். அதுவும் கேன்ட்ரிப்தான். வலை பொசுங்க, அவ்வளவு பெரிய சிலந்தி அப்படியே கீழே போய் விழுந்தது. சித்தி எழுந்து வந்து என்ன சத்தம் என்று கேட்டாள். ஒரு ஸ்லாட்கூடச் செலவாகவில்லை!

ஸ்லாட்டைச் சேமிப்பது பற்றி இவ்வளவு சொன்னேன், ஆனால் பெட்டியில் பூட்டி வைத்தே செத்துப்போகிறவர்களும் உண்டு. தூங்கினால் கதையில் நேரம் போய்விடுமோ என்று பயந்து ரெஸ்ட் எடுக்க மாட்டார்கள். சில இடங்களைத் தவிர அந்தப் பயம் வேண்டாம். லாங் ரெஸ்ட்டுக்குச் சாதாரண நிலையில் 40 அளவு உணவு வேண்டும். வழியில் கிடைக்கும் ரொட்டி, பழம், பாலாடைக்கட்டி எதையும் விடாமல் பொறுக்கினால் அது தாராளமாகச் சேரும். தோழர்கள் மனம்விட்டுப் பேசும் அழகான காட்சிகளெல்லாம் முகாமில் தூங்கப் போகும்போதுதான் வரும். தூங்காமல் போனால் அவற்றை இழந்துவிடுவீர்கள்.

விழுந்து கிடக்கும் தோழரை எழுப்ப ஹீலிங் வேர்ட் என்ற மந்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள், தூரத்திலிருந்தே போனஸ் ஆக்‌ஷனில் எழுப்பிவிடலாம். மருந்துக் குப்பியை இருவர் நடுவே தரையில் எறிந்தால் இருவருக்கும் ஆறும். ஐந்தாம் நிலையில் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் கிடைக்கும். அந்த நாளுக்காக விளக்கேற்றிக் காத்திருங்கள். அது நம் ஆளையும் சுடும், ஆனால் மந்திரவாதியை எவொகேஷன் பள்ளியில் சேர்த்திருந்தால் நம்மவரை விட்டுவிட்டு மற்றவரை மட்டும் எரிக்கும். தேர்வு எதுவும் தப்பாகிவிட்டால் அழ வேண்டாம். விதர்ஸ் என்ற எலும்புருவப் பெரியவர் முகாமுக்கு வந்து சேர்ந்த பிறகு 100 பொற்காசு வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றித் தருவார்.

கடைசியாக, ஆரம்பத்திலேயே வரும் ஒரு புதையல். கதை தொடங்கும் பறக்கும் கப்பலின் கடைசி அறையில் ஸால்க் என்ற தளபதி எரியும் பெருவாளோடு நிற்பான். அவனை வெல்வது கடினம், 15 முறைகளுக்குள் கப்பலின் கருவியைத் தொட்டாக வேண்டும். எல்லோரும் அவனைத் தாண்டி ஓடிவிடுவார்கள். ஆனால் அதற்குள் ஷேடோஹார்ட் என்ற பெண்ணைக் கூண்டிலிருந்து காப்பாற்றிக் கூட்டிவந்திருந்தால், அவளிடம் கமாண்ட் என்றொரு மந்திரம் இருக்கும். ஒற்றைச் சொல்லால் ஆணையிடுவது. 'கீழே போடு' என்ற ஆணையைத் தேர்ந்தெடுத்தால், பகடை நம் பக்கம் விழுந்தால், அவ்வளவு பெரிய தளபதி கையிலிருந்த வாளைத் தரையில் போடுவான். லாயெஸெல் ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம். பிறகு எத்தனையோ நிலைகளுக்கு அதைவிட நல்ல வாள் கிடைப்பது அரிது. கவசத்தையும் பலத்தையும் ஒரு சொல் வெல்வதை முதல் மணி நேரத்திலேயே பார்த்துவிடுகிறோம்.

இப்போது சோரியாங்குப்பத்தில், சுவரில் வெள்ளக் கோடு இன்னும் மங்கலாகத் தெரியும் எங்கள் அறையில், இரண்டாவது ஆட்டம் தொடங்கியிருக்கிறேன். இந்த முறை அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள், யாரை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. நேற்று ராத்திரி கப்பலின் கடைசி அறைக்கு வந்தோம். "அந்தப் பொண்ண விட்டுச் சொல்லச் சொல்லு" என்றாள். சொன்னேன். பகடை தவறிவிட்டது, வாள் அவன் கையிலேயே எரிந்துகொண்டிருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அவகிட்டத்தான் இன்னும் ஒன்னு இருக்கே. விடு."