வாக்கும் வாழ்த்தும்

2021 ஜனவரியில் உலக விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் சங்கத்தார், அப்போட்டிகளில் அதுகாறும் ஆடியவர்களுள் தலைசிறந்தவர் யாரென இணைய வழியாக உலகத்தாரின் வாக்கைக் கேட்டனர். 318,943 வாக்குகளுடன் முதலாவதாக வந்தவர் பினாங்கில் பிறந்த ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட் அம்மையார். அவர் 2019இலேயே ஓய்வு பெற்றவர். அவ்வெற்றி குறித்து நம்மவர் இயற்றிய வாழ்த்துப்பாக்கள் பல நம் பார்வைக்கு வந்தன. அவற்றையே ஈண்டு ஆராய்கிறோம்.

அவற்றில் அம்மையார் பெண் சிங்கமாகிறார், மின்னலாகிறார், குலவிளக்காகிறார். வாக்குக் கணக்கு தவறாமல் வருகிறது. தந்தையார் இந்தியர், தாயார் சீனர் என்பதில் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, "நம் இரத்தம்" என்று மார்தட்டுவோரும் உளர். (மட்டையைப் பிடித்தது இரத்தமா, கையா?) ஆனால் ஸ்குவாஷ் என்பது யாது, அதை அவர் எங்ஙனம் ஆடினார் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. தோட்டத்துப் பள்ளியில் படிக்கும் பெண்பிள்ளை இவற்றை வாசித்தால், புகழ் வானத்திலிருந்து விழுவதென்று எண்ணுவாளேயன்றி வேறென்ன அறிவாள்? செக்ரோல் எழுதும் கிராணியாகிய நமக்கு, அதில் ஏறும் எண் வேறு, வேலை வேறு என்பது நன்கு தெரியும்.

ஓய்வு பெற்ற ஜெர்மானியச் சைக்கிள் வீரர் யென்ஸ் ஃபோக்ட் என்பவரையும் இணையத்தில் அன்பர்கள் கொண்டாடுகின்றனர். அவரைப் பற்றிய வேடிக்கை மொழிகள் மிகையானவையே. எனினும் அவற்றின் அடியில் உண்மையான வலி இருக்கிறது. 2010ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் மலையிறக்கத்தில் விழுந்து, தம் வண்டி உடைந்தபின், அளவுக்குப் பொருந்தாத சிறுவர் சைக்கிளில் ஏறிப் பந்தயத்தைத் தொடர்ந்தார். 43 வயதில், 2014இல், ஒரு மணி நேரத்தில் 51.110 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை நாட்டினார். நோகும் கால்களைப் பேசாதிருக்கச் சொன்னவர் என்றே அன்பர்கள் அவரை நினைக்கின்றனர்.

நம் அம்மையாரிடத்தில் சொல்லுதற்குக் குறைவா? எட்டு முறை உலகப் பட்டம். 2006 முதல் 2015 வரை தொடர்ந்து 108 மாதம் உலக முதலிடம். வீட்டை விட்டு ஆம்ஸ்டர்டாம் சென்று, லிஸ் இர்விங் என்னும் ஆஸ்திரேலிய ஆசிரியையிடம் பயின்றார். அவர் ஆடிய காலம் முழுவதும் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் இடம்பெறவில்லை. 2028இல்தான் அதற்கு இடம் அளித்திருக்கின்றனர். கிடைக்காத அப்பதக்கத்துக்கு ஈடாகவே பலர் அந்த வாக்கை அளித்தனர் என்பது நம் எண்ணம். வாழ்த்துப்பாக்காரர் இதையும் தொடவில்லை.

2014 மார்ச்சில் இதே பினாங்கில், தம் ஊரார் கண்முன், உலகப் பட்டப்போட்டியின் அரையிறுதியில் அம்மையார் தோற்றார். அவ்வாண்டு டிசம்பரில் கெய்ரோவில், எகிப்தியர் நடுவில், எகிப்திய வீராங்கனை ரனீம் எல் வெலிலியோடு இறுதியாட்டம். இரண்டுக்கு ஒன்று என்று பின்தங்கி, நான்காம் ஆட்டத்தில் தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டு, 14–12 என அதை வென்றார். ஐந்தாவதை 11–5 என முடித்தார். அந்த நான்காம் ஆட்டத்தைப் பற்றி ஒரு தமிழ்ப்பாட்டும் இதுவரை நம் கண்ணிற் படவில்லை.